அடிப்படைப் பாடமா, ஒப்புக்குப் பாடமா?



திருப்பூணித்துறையில் நான் குடியிருக்கும் தெருவின் முனையிலே துணி தேய்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கின்றார். சங்கரன்கோயில் பக்கத்திலிருந்து இளமையிலேயே இங்கு வந்துவிட்டவர். இன்றும் கரி போட்ட இஸ்திரிப் பெட்டிதான். நான் தமிழ்ப் பிள்ளை என்பதால் அவருக்கு என்மீது தனிப்பட்ட அன்பு. கல்லூரியில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று அடிக்கடி கேட்பார்.

சில மாதங்களுக்கு முன் ஒருநாள், சட்டைகளை மடித்துக்கொண்டே கேட்டார்: “தம்பி, காலேஜிலே சுற்றுச்சூழல் பாடமெல்லாம் படிச்சுப் பாஸ் பண்ணியாச்சுன்னு சொன்னீங்களே. அன்னைக்குப் பிரம்மபுரத்திலே எரிஞ்சதே, அந்தப் புகையெல்லாம் எங்கே போயிருக்கும்? மண்ணிலே இறங்கியிருக்குமா? எங்க வீட்டுக் கிணத்துத் தண்ணியைக் குடிக்கலாமா?”

நான் விழித்தேன். அந்தப் பாடத்தில் எனக்கு நல்ல மதிப்பெண். மாசு என்றால் என்ன, அதன் வகைகள் எத்தனை, ஒவ்வொன்றிற்கும் இரண்டு எடுத்துக்காட்டுகள் யாவை என்று கேட்டிருந்தால் மூச்சு விடாமல் ஒப்பித்திருப்பேன். அவர் கேட்டது அதுவன்று. “விசாரித்துச் சொல்கிறேன், ஐயா” என்று கூறிவிட்டு நடந்தேன். அன்று தொடங்கிய எண்ணந்தான் இந்தக் கட்டுரை.

பிரம்மபுரத்தை நம்மில் பலர் அறிவோம். 2023ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆம் நாள் அங்குள்ள குப்பைக் கிடங்கு பற்றி எரிந்தது. மலைபோல் குவிந்து கிடந்த பிளாஸ்டிக்கும் பிறவும் ஏறத்தாழப் பன்னிரண்டு நாள் புகைந்தன. கொச்சி நகரமும் சுற்றியுள்ள ஊர்களும் புகையில் மூழ்கின. மக்கள் முகக்கவசம் அணிந்து நடந்தார்கள். சிறு வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விட்டார்கள். என் தாயார் சன்னல்களை மூடி, இடுக்குகளில் ஈரத்துணியைத் திணித்து வைத்தது இன்னும் கண்முன் நிற்கின்றது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கொச்சி மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது.

இப்போது அந்தப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். அதற்கு விடை சொல்ல என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? குளோரின் கலந்த பிளாஸ்டிக் குறைந்த வெப்பத்தில் எரிந்தால் டையாக்சின் என்னும் நச்சுப்பொருள்கள் உண்டாகும். அவை நீரில் எளிதில் கரைவதில்லை, மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், மேயும் மாட்டின் பாலிலும் கோழியின் முட்டையிலும் கொழுப்போடு சேரும் என்பது வேதியியல். ஆகவே கிணற்றுத் தண்ணீரைக் காட்டிலும் மண்ணையும் முட்டையையுமே முதலில் சோதிக்க வேண்டும் என்று அது கற்றுத்தருகிறது. எத்தனை இடத்தில் மண் எடுத்தார்கள், எந்த அளவைக் கடந்தால் ஆபத்து என்பது புள்ளியியல். கிடங்கு கொச்சி மாநகராட்சியுடையது; அது இருக்கும் நிலமோ வடவுகோடு – புத்தன்குரிசு பஞ்சாயத்தைச் சேர்ந்தது. நகரத்தின் குப்பையை ஊராட்சி மண் ஏன் சுமக்க வேண்டும் என்பது அரசியல். குப்பையைப் பிரித்து வாழும் ஏழையின் கூலி என்ன என்பது பொருளியல். இவற்றையெல்லாம் துணி தேய்க்கும் ஒருவருக்குப் புரியும் சொற்களில் சொல்லத் தெரிவது மொழி. ஒரு முதியவரின் ஒரே கேள்வி ஐந்து துறைகளின் கதவைத் தட்டுகின்றது. துறை துறையாகப் பிரிந்து படிக்கும் நாமோ, நம் கதவைத் தட்டினால் அடுத்த வீட்டைக் கைகாட்டுகிறோம்.

இந்தக் குறையைப் போக்கத்தானே பல்கலைக் கழகங்களில் அடிப்படைப் பொதுப் பாடங்கள் வைக்கப்பட்டிருக்கின்றன?

திட்டம் என்ன சொல்லுகிறது?

கேரளத்தில் 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நான்காண்டுப் பட்டப்படிப்பு தொடங்கியது. மூன்றாண்டில் பட்டம் பெற்று வெளியேற விரும்புவோர் 133 கிரெடிட் பெற வேண்டும். நான்காம் ஆண்டும் படித்து ஆனர்சு பட்டம் பெற 177 வேண்டும். மூன்றாண்டுக்கான 133இல் 39 கிரெடிட் பொது அடிப்படைப் பாடங்களுக்கு உரியவை. மொழித்திறன் பாடங்கள் நான்கு, பல்துறைப் பாடங்கள் மூன்று, தொழில்திறன் பாடங்கள் மூன்று, விழுமியப் பாடங்கள் மூன்று. ஆகப் பதின்மூன்று பாடங்கள், ஒவ்வொன்றும் மூன்று கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்குப் பதினைந்து மணி நேர வகுப்பு என்று கொண்டாலும் 585 மணி நேரம்! நம் இளமையிலிருந்து இவ்வளவு நேரத்தை இந்தப் பாடங்கள் எடுத்துக்கொள்கின்றன. முதன்மைப் பாடத்திற்கு அடுத்தபடியாக மிகுந்த நேரம் பெறுவது இதுதான்.

மூன்றில் ஒரு பங்கை நெருங்கும் இந்தப் பகுதியை நாம் எப்படித் தேர்ந்தெடுக்கின்றோம்? நெஞ்சில் கைவைத்துச் சொல்வோம். விருப்பப் படிவம் வந்த அன்று மூத்த மாணவர்களிடம் நாம் கேட்ட கேள்வி எது? “எந்தப் பாடத்தில் மார்க் எளிதாக விழும்?” அடுத்தது, “எந்தப் பாடம் மதியத்திற்கு முன் முடியும்?” நானும் அப்படித்தான் செய்தேன். நான் எடுத்த பல்துறைப் பாடம் ஒன்று, வெள்ளிக்கிழமை பிற்பகல் வீடு திரும்ப வசதியாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணமில்லாமல் என்னுடையதாயிற்று. வகுப்பில் பல துறை மாணவர்கள் இருந்தோம். வணிகவியல் மாணவன் வணிகவியல் மாணவனோடு அமர்ந்தான். இயற்பியல் மாணவி இயற்பியல் மாணவியோடு அமர்ந்தாள். பருவம் முடியும்வரை ஒருவரோடொருவர் பேசவில்லை. ஆசிரியரும் தம் துறையின் முதலாண்டுப் பாடத்தை நீர் ஊற்றி எங்களுக்குப் பரிமாறினார். அவரைக் குறை சொல்லுவதற்கில்லை. அவர்முன் இருந்தது எண்பது தலைகளும் ஒரு சிறு பாடப் பட்டியலுமே. தேர்வுக்கு முதல்நாள் யாரோ வாட்சப்பில் அனுப்பிய குறிப்பு எங்களைக் கரை சேர்த்தது. அந்தக் குறிப்பில் இருந்த எதுவும் இன்று நினைவில் இல்லை.

அடிப்படை என்று பெயர், நடப்பதோ ஒப்புக்கு. வீட்டுக்கு அடித்தளம் இடுவது போன்ற வேலையை, வாசலில் கோலம் இடுவதுபோல் செய்து முடிக்கின்றோம்.

இது புதிய நோய் அன்று

இந்தக் கருத்து நேற்று முளைத்ததென்று எண்ண வேண்டா. விடுதலை பெற்ற உடனே, 1948ஆம் ஆண்டு டாக்டர் இராதாகிருட்டிணன் தலைமையில் பல்கலைக்கழகக் கல்விக் குழு அமைந்தது. 1949இல் அது அளித்த அறிக்கையிலேயே பொதுக்கல்வியைக் காலம் தாழ்த்தாமல் தொடங்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அறிவியல் மாணவன் இலக்கியமும் சமூகமும் அறிய வேண்டும். கலை மாணவன் அறிவியல் நோக்கைப் பெற வேண்டும் என்பது அதன் கருத்து. அலிகாரிலும் பரோடாவிலும் பொதுக்கல்வி வகுப்புகள் நடத்திப் பார்த்தார்கள். ஆயினும் நாடெங்கும் அது வேரூன்றவில்லை.

அயல்நாட்டிலும் இந்த முயற்சிக்கு நீண்ட வரலாறு உண்டு. முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1919இல், நியூயார்க்கிலுள்ள கொலம்பியாக் கல்லூரி ‘தற்கால நாகரிகம்’ என்னும் பாடத்தை எல்லா மாணவர்க்கும் கட்டாயமாக்கியது. நூறாண்டு கடந்தும் அது நடந்து வருகிறது. அது நிலைத்ததற்குக் காரணம் என்ன? எல்லோரும் ஒரே நூல்களைப் படிக்கிறார்கள். சிறு சிறு வகுப்புகளாக அமர்ந்து வாதாடுகிறார்கள். மருத்துவராகப் போகிறவனும் வழக்கறிஞராகப் போகிறவனும் உணவு மேசையில் ஒரே நூலைப் பற்றிச் சண்டையிட முடிகிறது. அவர்கள் படிக்கும் நூல்களையே நாமும் படிக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ‘கூடிப் படித்தல்’ என்னும் அந்த ஒன்றைத்தான் நாம் விட்டுவிட்டோம் என்கிறேன்.

நம் நாட்டில் நடந்ததைப் பாருங்கள். 1991ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் கல்வியின் எல்லாப் படிகளிலும் சுற்றுச்சூழலைக் கட்டாயமாகக் கற்பிக்க வேண்டும் என்று பணித்தது. அதன் பயனாகப் பட்டப்படிப்பு மாணவர் எல்லோர்க்கும் சுற்றுச்சூழல் பாடம் வந்தது. நல்ல நோக்கம், மறுப்பார் இல்லை. ஆனால் அது பல இடங்களில் எப்படி முடிந்தது? யாருக்கும் உரியதல்லாத பாடமாக, ‘தேறினால் போதும்’ என்னும் பாடமாக முடிந்தது. அதைப் படித்துத் தேறியவர்கள் இந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தபோதுதான் பிரம்மபுரத்தில் குப்பை மலையாக வளர்ந்தது. அந்த ஆயிரக்கணக்கானவரில் நானும் ஒருவன் என்பதை மறைக்கவில்லை.

தமிழ்நாட்டிலும் இதே கதைதான். அங்கே பட்டப்படிப்பு ஐந்து பகுதிகளாக இருக்கிறது. முதற்பகுதி தமிழ் அல்லது பிறமொழி, இரண்டாம் பகுதி ஆங்கிலம், மூன்றாம் பகுதி முதன்மைப் பாடம். நான்காம் பகுதியிலும் ஐந்தாம் பகுதியிலுந்தான் சுற்றுச்சூழல், விழுமியக் கல்வி, பிறதுறை விருப்பப் பாடம், நாட்டுநலப் பணி முதலியன இருக்கின்றன. அங்கே படிக்கும் என் உறவினர் பிள்ளைகளைக் கேட்டால், நான்காம் பகுதி என்றாலே சிரிக்கிறார்கள். நகைப்புக்குரியதாக ஒன்றை வைத்துக்கொண்டு அதை அடிப்படை என்று அழைக்கலாமா?

நோயின் காரணம் எனக்குத் தெரிந்தவரையில் இதுதான். பொதுக்கல்வி என்பதைப் பல துறைகளின் துண்டுகளாக எண்ணிவிட்டோம். தாவரவியலில் ஒரு துண்டு, பொருளியலில் ஒரு துண்டு, கணினியில் ஒரு துண்டு. இவற்றைத் தட்டில் வைத்தால் விருந்தாகிவிடும் என்று நம்பினோம். துண்டுகள் ஒன்றோடொன்று சேரவில்லை. அவற்றைச் சேர்க்கும் பொறுப்பு ஆசிரியருக்கும் இல்லை, துறைக்கும் இல்லை. பதினெட்டு வயது மாணவன் தலையில் விழுந்தது. அவனோ மதிப்பெண் எளிதாக விழும் துண்டைப் பொறுக்கிக்கொண்டான்.

நம் ஊரிலேயே ஒரு பாடம்

அப்படியானால் அடிப்படைக் கல்வி எப்படி இருக்க வேண்டும்? இதற்கு எடுத்துக்காட்டைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நாம் நாள்தோறும் நடக்கும் இந்தத் திருப்பூணித்துறையோடு தொடர்புடைய ஒன்றையே சொல்லுகிறேன்.

கேரளத்தில் ஏறத்தாழ 1530ஆம் ஆண்டளவில் ஜேஷ்டதேவர் என்பவர் ‘யுக்திபாஷை’ என்னும் கணித நூலை இயற்றினார். கற்றோர் வடமொழியில் செய்யுளாக எழுதிவந்த காலத்தில், அவர் மக்கள் பேசும் மலையாளத்தில் உரைநடையாக எழுதினார். முடிவை மட்டும் சொல்லாமல் அது ஏன் உண்மை என்பதையும் படிப்படியாக விளக்கினார். வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தை முடிவில்லாத் தொடராக எழுதலாம் என்று அவருக்கும் முன்னே மாதவர் கண்டிருந்தார். அதன் நிறுவல் இந்நூலில் இருக்கிறது. ஐரோப்பாவில் கிரிகோரியும் லைபினிட்சும் இதே முடிவை எட்டியது பதினேழாம் நூற்றாண்டில்தான்.

இத்தகைய நூல் நெடுங்காலம் ஏடுகளில் முடங்கிக் கிடந்தது. 1834இல் விஷ் என்னும் கும்பினி அதிகாரி இதைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரை வெளிவந்தது. ஆயினும் அதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தவர் சிலரே. ஏன்? கணிதம் அறிந்தவர்க்குப் பழைய மலையாளம் தெரியவில்லை. மொழி அறிந்தவர்க்குக் கணிதம் தெரியவில்லை. இரண்டு கரைகளுக்கும் நடுவே ஆறு ஓடிக்கொண்டிருந்தது. கடைசியாக 1948ஆம் ஆண்டு, இந்தத் திருப்பூணித்துறையைத் தலைமை இடமாகக் கொண்டிருந்த கொச்சி அரச குடும்பத்தைச் சேர்ந்த இராமவர்ம மரு தம்புரானும், அகிலேசுவர ஐயரும் சேர்ந்து, நூலின் கணிதப் பகுதியை விரிவான விளக்கத்தோடு திருச்சூரில் பதிப்பித்தார்கள். பழைய சொல்லுக்கு இக்காலக் கணிதத்தில் பொருள் சொன்னார்கள். அதன்பின் வந்த ஆராய்ச்சியாளர் பலரும் அந்தப் பதிப்பின் தோள்மேல் நின்றே எழுதினார்கள்.

நண்பர்களே, நம்மில் கணிதம் படிப்போர் எத்தனைபேர்? அவர்களில் எத்தனைபேர் இந்த நூலின் பெயரைக் கேட்டிருக்கிறார்கள்? மொழி படிப்போரில் எத்தனைபேர் அதன் ஒரு பக்கத்தையேனும் பார்த்திருக்கிறார்கள்? நான் இயற்பியல் மாணவன். ஐந்து மாதங்களுக்கு முன்புவரை நானும் கேட்டதில்லை.

இந்த ஒரு நூலையே ஒரு பருவத்தின் பல்துறைப் பாடமாக வைத்துப் பாருங்கள். கணித மாணவன் நிறுவலை விளக்கட்டும். மொழி மாணவி பழைய சொற்களைப் பிரித்துக் காட்டட்டும். அவற்றில் தமிழ்ச் சொற்களை நாம் இனங்கண்டு மகிழலாம். வரலாற்று மாணவன், அச்சு ஏறும்வரை இந்த அறிவு யார் கையில் இருந்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று கேட்கட்டும். அந்தக் கேள்வி கொஞ்சம் கசக்கும், கேட்கத்தான் வேண்டும். அப்படி நடந்தால் எண்பதுபேரும் ஒரே பொருளைப் பேசுவார்கள். ஒருவனுக்குத் தெரிந்தது மற்றவனுக்குத் தேவைப்படும். தன் துறையைப் பிற துறையானுக்கு விளக்கும்போதுதான், அது தனக்கே எவ்வளவு தெரியும் என்பது ஒருவனுக்கு விளங்கும்.

நான் சொல்ல வருவது இதுதான்: அடிப்படைப் பாடம் கட்டாயமாகவே இருக்கட்டும், ஆனால் அது துறைகளின் துண்டாக இராமல், எல்லோரும் கூடி ஆராயும் ஒரு பொருளாக இருக்கட்டும். ஒரு பருவம் ‘யுக்திபாஷை’. ஒரு பருவம் பிரம்மபுரம். ஒரு பருவம் ‘ஹோர்த்தூசு மலபாரிக்கூசு’. கொச்சியை ஆண்ட டச்சு ஆளுநர் வான் ரீடு, இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியர், மூன்று கொங்கணி அறிஞர் ஆகியோரின் கூட்டுழைப்பில் உருவாகி, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த செடிகொடி நூல் அது. இவையெல்லாம் நம் காலடியில் கிடக்கும் பாடங்கள்.

மறுப்புரைகள் சில

“வேலை கிடைக்குமா என்று ஏங்குகிறவனிடம் இதெல்லாம் எதற்கு?” என்று கேட்பார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. கடன் வாங்கிப் படிக்க வைக்கும் தந்தையின் முகத்தை மறந்துவிட்டு யாரும் பேசக் கூடாது. நானும் அத்தகைய வீட்டிலிருந்து வருகிறவனே. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். இந்த 585 மணி நேரம் ஏற்கெனவே நம் படிப்பிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. ஒரு மணி நேரம்கூட அதிகமாக நான் கேட்கவில்லை. செலவாகிப் போகும் நேரத்தை வீணாக்குவதா, பயனாக்குவதா என்பதே கேள்வி. பத்துப் பேர் நடுவில் எழுந்து தான் அறிந்ததைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவனை எந்த வேலையும் வெறுக்காது.

“கட்டாயப்படுத்தினால் கல்வி கசக்கும், விருப்பத்திற்கு விடுங்கள்” என்பார் சிலர். விருப்பம் வேண்டும், உண்மைதான். முதன்மைப் பாடத்தையும் துணைப் பாடத்தையும் நாமே தேர்கின்றோம். ஆனால் ஒரு பொருளைப் பற்றி ஏதும் அறியாதவன் அதை வேண்டும் என்றும் வேண்டாம் என்றும் எப்படிச் சொல்லுவான்? அறிந்தபின் ஒதுக்குவதுதான் விருப்பம். அறியாமலே ஒதுக்கினால், அந்த முடிவை எடுப்பது கால அட்டவணையே அன்றி நாம் அல்லோம்.

“ஆசிரியர்க்கு ஏற்கெனவே தாங்க முடியாத சுமை” என்பது மூன்றாவது மறுப்பு. இதற்கு என்னிடம் எளிய விடை இல்லை. இரண்டு மூன்று துறையினர் சேர்ந்து ஒரு பாடத்தை அமைப்பது கடினம். எண்பதுபேர் எழுதும் கட்டுரைகளைத் திருத்துவது அதைவிடக் கடினம். இதற்கு ஆள் வேண்டும், பணம் வேண்டும். மாணவராகிய நாம் கட்டண உயர்வுக்கு எதிராகக் குரல் கொடுப்பதுபோல, ஆசிரியர் பணியிடங்களை நிரப்புங்கள் என்பதற்கும் குரல் கொடுக்க வேண்டும். அந்தக் கோரிக்கை நமக்காகவே என்பதை மறந்துவிடக் கூடாது.

நம் மொழிக்கு இதில் இடம் உண்டா?

தமிழ் மாணவராகிய நமக்கு இதில் தனிக் கவலை ஒன்றும் உண்டு. அடிப்படைப் பாடங்களில் மொழித்திறன் பாடங்கள் நான்கு என்றேன். ஆங்கிலம் போக மற்றொரு மொழிக்கு இடமிருக்கிறது. அந்த இடத்தில் நம்மில் எத்தனைபேர் தமிழைப் படிக்கிறோம்? என் கல்லூரிப் பட்டியலில் தமிழ் இல்லை. நான் வேறு மொழியை எடுத்துத் தேறினேன். சித்தூர் அரசுக் கல்லூரியிலும் திருவனந்தபுரம் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் தமிழ்த் துறைகள் இருக்கின்றன; ஆகவே கேரளத்தில் தமிழ் கற்பிக்க முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. கொச்சிப் பகுதியில் நாம் கேட்கவில்லை; ஆதலால் கிடைக்கவில்லை.

முன்பிருந்த முறையில் இரண்டாம் மொழி நான்கு பருவங்கள் நடந்தது. இப்போது பெரும்பாலும் முதல் ஆண்டோடு நின்றுவிடுகிறது. குறைந்த அந்த நேரத்திலும் தாய்மொழி இல்லையென்றால், வீட்டில் பேசும் மொழியைக் கல்லூரியில் ஒருநாளும் எழுதாமலே நாம் பட்டம் பெற்றுவிடுவோம். துணி தேய்க்கும் பெரியவருக்கு நான் விடை சொல்ல முடியாமல் போனதற்கு வேதியியல் அறியாமை மட்டும் காரணமன்று. அறிந்த சிலவற்றையும் தமிழில் சொல்லப் பழகியதில்லை.

ஒரு செய்தியை இங்கே நினைவூட்டுகிறேன். தமிழில் அச்சான நூல்களில் இன்று நம் கைக்கு எட்டியிருக்கும் பழையவற்றுள் ஒன்று, 1579ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் இந்தக் கொச்சியிலேயே அச்சிடப்பட்டது. அதன் பெயர் ‘கிரிசித்தியானி வணக்கம்’. முந்திய ஆண்டு கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்க’த்தை வெளியிட்ட அண்டிரிக்கு அடிகளாரே இதனையும் வெளியிட்டார். போர்த்துகல் நாட்டிலிருந்து வந்த ஒருவர், இந்த ஊரில் தமிழ் நூலை அச்சேற்றினார். அந்த ஊரில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளாகிய நாம், தமிழில் ஒரு பக்கம் எழுத வேண்டுமென்றால் தயங்குகின்றோம். மலையாளத்தை நாம் நன்கு கற்க வேண்டும். நம்மை வாழவைக்கும் மண்ணின் மொழி அது. ஆங்கிலமும் வேண்டும். அவற்றோடு தமிழும் வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இனி என்ன செய்வது?

பல்கலைக்கழகத்திடம் மூன்று கேட்போம். ஒன்று, ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு பல்துறைப் பாடமாவது இரண்டு துறையினர் சேர்ந்து ஒரே பொருளைப் பற்றி நடத்துவதாக இருக்க வேண்டும். இரண்டு, அடிப்படைப் பாடங்களின் தேர்வில் மாணவன் தானாகச் சிந்தித்து எழுதும் கட்டுரைக்கு இடம் வேண்டும். குறிப்பை ஒப்பித்தால் போதும் என்னும் நிலை மாற வேண்டும். மூன்று, போதிய மாணவர்கள் எழுதிக் கேட்கும் இடத்தில் தமிழையும் மொழித்திறன் பாடமாகத் தர வழி வேண்டும். நிரந்தர ஆசிரியர் கிடைக்கும்வரை, அண்மையிலுள்ள கல்லூரிகள் சேர்ந்து வாரத்தில் ஒருநாள் ஒரே இடத்தில் வகுப்பு நடத்தலாம். திருப்பூணித்துறை வரை மெட்ரோ 2024 மார்ச்சிலேயே வந்துவிட்டது. தூரத்தைக் காரணம் சொல்ல முடியாது.

கேட்டுவிட்டுக் காத்திருந்தால் போதுமா? பல்கலைக்கழகம் அசைவதற்குள் நாம் பட்டம் பெற்றுப் போய்விடுவோம். ஆகவே நம் தமிழ் மன்றமே தொடங்கட்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஒரு மாலை, ஒரு மணி நேரம். ஒவ்வொரு துறையிலிருந்தும் ஒருவர். ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் தம் துறை அதைப் பற்றி என்ன சொல்லுகிறது என்பதைத் தமிழில், பிற துறையாருக்குப் புரியும்படி, பத்து நிமிடம் பேசட்டும். புரியவில்லை என்றால் வெட்கப்படாமல் கேட்போம். மன்றத்தின் ஆண்டு விழாவில் பட்டிமன்றமும் பாட்டும் இருக்கட்டும். அவற்றோடு இதுவும் இருக்கட்டும்.

அடுத்த பருவத்தின் விருப்பப் படிவம் விரைவில் கைக்கு வரும். அதை நிரப்பும்முன் ஒரு நாழிகை சிந்தியுங்கள். மதிப்பெண் எதில் எளிது என்று கேட்பதற்கு முன், என் துறையில் எனக்கு விடை கிடைக்காத எந்தக் கேள்விக்கு இந்தப் பாடம் உதவும் என்று கேளுங்கள். வகுப்பில் வேறு துறை மாணவர் பக்கத்தில் போய் அமருங்கள். இதற்கு எந்த ஆணையும் தேவையில்லை.

நம் முதற்கூட்டத்தின் பொருளை நானே முன்மொழிகிறேன்: பிரம்மபுரத்துப் புகை எங்கே போயிற்று? வேதியியல் மாணவர் ஒருவரும் சட்டமோ அரசியலோ படிப்பவர் ஒருவரும் கட்டாயம் வர வேண்டும். துணி தேய்க்கும் பெரியவரையும் அழைத்திருக்கிறேன். கடையை மூடிவிட்டு ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். கேள்வி அவருடையது. விடையுடன் நாம் வந்து சேர வேண்டும்.